திருகோணமலையில இருந்து வான்ல பொலன்னறுவை ராசதானி பாக்கப் போறவை அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ஒவ்வொரு ஓகஸ்ட் லீவுக்கும் வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையளின்ர பள்ளிக்கூடப் பெற்றோர் எண்டு ஆராவது ஒராள் என்னட்ட கேக்கிறது இதுதான், "திருகோணமலையில இருந்து ஒரு நாள்ல பொலன்னறுவை போய்வரலாமோ, வான் பிடிச்சாத்தான் சரியோ, அங்க என்னத்தைப் பாக்கிறது?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல திருப்பித் திருப்பிச் சொல்லுறதை விட ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இதை எழுதுறன். நான் சின்ன வயசில இருந்து கனதரம் போயிருக்கிறன், பள்ளிக்கூட டூர்ல, கலியாணம் முடிச்சு மனிசியோட, பிறகு அம்மம்மாவையும் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு. எனக்குப் பிடிச்ச ஊர்.

பஸ், றெயின் எல்லாம் இருக்கேக்க ஏன் வான்?

ஊருக்குள்ள பாக்க வேண்டிய இடங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டி இல்லை, அதுதான் முக்கியமான காரணம். தெற்கில பொத்குல் விகாரையில இருந்து வடக்கில திவங்க சிலைமனை வரைக்கும் அஞ்சாறு கிலோமீற்றருக்கு இடங்கள் பரந்து கிடக்கு. பஸ்ஸில போய் இறங்கினா உள்ளுக்க நடக்கோணும், இல்லாட்டி சைக்கிள் வாடகைக்கு எடுக்கோணும். இளம் பெடியளுக்கு சைக்கிள் அருமையான வழி, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஆனா வயசுபோன ஆக்களும் கைப்பிள்ளையும் இருந்தா ஏலாது. வான் எண்டா அரண்மனை வாசல்ல நிப்பாட்டி, பாத்திட்டு ஏறி, தலதா மளுவ எண்ட விகாரைத் தொகுதியடியில நிப்பாட்டி, திரும்ப ஏறி எண்டு போகலாம், ஒவ்வொரு தொகுதிக்கும் கிட்ட வாகனம் விடுற இடம் இருக்கு, வெயிலுக்க நடக்கிறது பாதியாக் குறையும். றெயின்ல போறதெண்டா கல்லோயா சந்தியில மாறி மட்டக்களப்பு றெயின் பிடிக்கோணும், ஒரு நாள்ல போய் வாறதுக்கு அது சரிவராது.

எந்த றோட்டால போறது, எவ்வளவு நேரம்?

ஏ6 றோட்டைப் பிடிச்சு கந்தளாய், அக்போபுர, கல்லோயா தாண்டி ஹபரண, அங்க சந்தியில இடப்பக்கம் ஏ11 ல திரும்பி மின்னேரிய, கிரித்தல, பிறகு பொலன்னறுவை. எல்லாமாக் கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். றோட்டு நல்ல றோட்டு, இடையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டாமப் போனா இரண்டரை மணித்தியாலம், நிப்பாட்டினா மூண்டு. காலமை 5 மணிக்கு வெளிக்கிடுங்கோ, இதில மட்டும் நான் விட்டுக் குடுக்கமாட்டன். 5 மணிக்கு வெளிக்கிட்டா எட்டு மணிக்கு அங்க நிக்கலாம், பதினொரு மணிக்கு முதல் பெரிய இடங்களைப் பாத்து முடிக்கலாம்.

ஒருதரம் ஹயர் பிடிச்ச வான் ஆறு மணிக்கு வாறன் எண்டு சொல்லிட்டு எட்டரைக்குத்தான் வந்தது, வந்தும் அங்க நிப்பாட்டி இஞ்ச நிப்பாட்டி, கடைசியா நாங்கள் அரண்மனையடியில இறங்கேக்க பன்னிரண்டு மணி. கல்லுத் தரை அடுப்புச் சட்டி மாதிரி. பிள்ளையள் அழத் தொடங்கிட்டுதுகள், அம்மம்மா வானுக்குள்ளயே இருந்திட்டா, அவ ஆசைப்பட்டு வந்த சிவன் கோயிலைப் பாக்காமலே திரும்பினம். அதுக்குப் பிறகு நான் ஹயர் பேசேக்க முதல் சொல்லுறது நேரம்தான், காசு பிறகு.

ஹயர் பேசேக்க என்னென்ன கேக்கோணும்?

நாள் கணக்கோ கிலோமீற்றர் கணக்கோ எண்டு முதலே தெளிவாப் பேசுங்கோ. கிலோமீற்றர் கணக்கெண்டா ஊருக்குள்ள சுத்துறதையும் சேத்து 300 க்குக் கிட்ட வரும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. காத்திருக்கிற நேரத்துக்குத் தனிக் காசோ, டிறைவருக்குச் சாப்பாடு ஆர்ர கணக்கு, ஏசி போட்டா வேற ரேட்டோ, இதெல்லாம் வெளிக்கிட முதல் கேக்கிற கேள்விகள், திரும்பி வந்து வீட்டு வாசல்ல நிண்டு கேக்கிறதில்லை. டிறைவர் பொலன்னறுவைக்கு முதல் போயிருக்கிறாரோ எண்டும் கேளுங்கோ. தெரிஞ்ச டிறைவர் எண்டா எந்தப் பக்கத்தால வந்தா நிழல் மரத்துக்குக் கீழ விடலாம் எண்டெல்லாம் தெரியும்.

வெளிநாட்டில இருந்து வந்தவை தாங்களே ஓடுறதெண்டா அந்த நாட்டு லைசன்ஸ் மட்டும் காணாது, இஞ்ச ஓடுறதுக்கான அனுமதியும் எடுக்கோணும், எடுக்காம வெளிக்கிட வேண்டாம். ஹபரண மின்னேரிய றோட்டில பொலிஸ் நிக்கும்.

யானை வருமாமே, பயமில்லையோ?

வரும். கந்தளாய் தாண்டினதில இருந்து ஹபரண வரைக்கும், பிறகு மின்னேரிய பக்கமும் யானைக் காடுதான், பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு றோட்டுக் கரையில நிக்கும். நிண்டா தூரத்திலயே நிப்பாட்டுங்கோ, ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட் அடிச்சு அடிச்சுக் காட்ட வேண்டாம், பழம் எறிய வேண்டவே வேண்டாம், எறிஞ்சு பழக்கினதாலதான் சில யானையள் இப்ப வாகனத்தை மறிக்குது. அது கடந்து போக விட்டிட்டுப் போங்கோ. ஓகஸ்ட் செப்ரெம்பர்ல மின்னேரியக் குளம் வத்த, புல்லு மேய யானைக்கூட்டம் இறங்கும், ஆனா அதைப் பாக்க சபாரி ஜீப் வேணும், அதுக்கு வேற நாள் வையுங்கோ.

ராசாக்களின்ர ஊர் எண்டு சொல்லுறியள், எந்த ராசா? சுருக்கமாச் சொல்லுங்கோ.

அனுராதபுரத்தை 993 ல சோழர் பிடிச்ச பிறகு அவையள் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாத்தி, ராசராசன்ர பட்டப்பேரால ஜனநாதமங்கலம் எண்டு பேர் வைச்சினம். அதால, இந்த ஊரைத் தலைநகர் ஆக்கினவை சோழர் எண்டே சொல்லலாம். 1070 ல முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தினார், ஆனா தலைநகரை மாத்தேல்லை. அதுக்குப் பிறகு பெரிய பேர் ரெண்டு, பராக்கிரமபாகு 1153 இல இருந்து 1186 வரைக்கும், நிசங்கமல்லன் 1187 இல இருந்து 1196 வரைக்கும். நீங்கள் பாக்கிற கட்டடத்தில பெரும்பங்கு இந்த ரெண்டு பேரின்ரயும்தான். 1215 ல கலிங்க மாகன் வந்து பிடிச்சு இருபத்தொரு வருசம் ஆண்டான், அவனுக்குப் பிறகு ஊர் மெல்ல மெல்லக் காடாப் போச்சு. 1982 ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல சேத்தது.

இவ்வளவு தெரிஞ்சாக் காணும். மிச்சத்தைக் கல்லே சொல்லும்.

எங்க தொடங்கிறது?

மியூசியத்தில. டிக்கெட்டும் அங்கதான், வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவைக்கு டொலர் கணக்கில தனி விலை, எங்கட ஆக்கள் அடையாள அட்டையைக் கையில வைச்சிருங்கோ. டிக்கெட்டை எடுத்த உடன ஓட வேண்டாம், மியூசியத்துக்குள்ள கட்டடங்கள் ஒருகாலத்தில எப்பிடி இருந்திருக்கும் எண்டு மரத்தில செய்து வைச்ச மாதிரிகள் இருக்கு, அதை அரை மணித்தியாலம் பாத்திட்டுப் போனா வெளியில நிக்கிற மொட்டைத் தூணுகளுக்கு மேல கூரையை நீங்களே மனசில போட்டுக்கொள்ளலாம், பிள்ளையளுக்கும் அதில இருந்துதான் ஆர்வம் பிடிக்குது. சிவன் கோயிலடியில தோண்டி எடுத்த வெண்கலச் சிலையளைப் பற்றியும் அங்க பாக்கலாம், நடராசர், பார்வதி, நாயன்மார் எண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரின்ர சிலை கொழும்பு மியூசியத்தில.

பராக்கிரமபாகுவின்ர அரண்மனையில என்ன மிச்சம் இருக்கு? இடிஞ்ச சுவர்தானே?

இடிஞ்ச சுவர்தான், ஆனா அந்தச் சுவருக்குப் பக்கத்தில போய் நிண்டு பாருங்கோ. செங்கல்லால கட்டின சுவர், கீழ மூண்டு மீற்றர் மொத்தம், எங்கட வீட்டு அறை ஒண்டின்ர அகலம் அது. சூளவம்சம் எண்ட பழைய வரலாற்று நூலில ஏழு மாடி, ஆயிரம் அறை எண்டு எழுதியிருக்கு. இப்ப நிக்கிறது கீழ் மாடியளின்ர சுவர், மேல் மாடியெல்லாம் மரம் எண்டபடியால் ஒண்டும் மிஞ்சேல்லை. சுவரில உயரத்தில வரிசையாச் சதுர ஓட்டையள் தெரியும், அதுதான் மாடிக்கு மரவளை சொருகின இடம். என்ர மகள் அந்த ஓட்டையளை எண்ணிக்கொண்டு சுத்தி வந்தவ, எண்ணி முடிக்கிறதுக்கிடையில ஒரு கிளி ஒண்டுக்குள்ள இருந்து பறந்து வெளிய போச்சு.

அரண்மனைக்கு எதிர்ப்பக்கம் ராசசபை மண்டபம். இதுக்கு நேரம் குடுங்கோ. அடித்தளத்தைச் சுத்தி மூண்டு வரிசை சிற்பம், கீழ யானை, நடுவில சிங்கம், மேல குள்ளப் பூதங்கள். யானைகளை ஒருக்கா ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு நடவுங்கோ, ஒண்டு தும்பிக்கையைச் சுருட்டுது, ஒண்டு காலைத் தூக்குது, ஒரே அச்சில வாத்த மாதிரி இல்லை. படியேறினா மேல ரெண்டு சிங்கம் காவலுக்கு இருக்கு.

அங்க இருந்து படியால இறங்கினா குமார பொகுண, ராசகுடும்பம் குளிச்ச தொட்டி. முதலை வாய் மாதிரிச் செதுக்கின குழாயால தண்ணி விழுற மாதிரிச் செய்தது, வாய்க்கால்ல இருந்து நிலத்துக்குக் கீழால தண்ணி கொண்டந்திருக்கினம். கன்னியா வெந்நீர்க் கிணத்தில வாளியால அள்ளிக் குளிச்சு வளந்த எங்களுக்கு அந்தக் கல்லு விளிம்பில நிண்டு பாக்க ஒரு ஆசை வரும், ஆனா இறங்கிக் குளிக்க விடமாட்டினம்.

தலதா மளுவவில எதை விடக்கூடாது?

வட்டதாகே எண்ட வட்டமான புத்தர் கோயிலில, வாசல்ல நிக்கிற காவற்கல்லும் படியடியில கிடக்கிற அரைவட்டச் சந்திரவட்டக்கல்லும். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில யானை, குதிரை, சிங்கம், மாடு நாலும் இருக்கும், இஞ்ச மாடு இல்லை. சைவரின்ர நந்தியைக் காலால மிதிக்கக் கூடாது எண்டு எடுத்திட்டினம் எண்டுதான் வழமையாச் சொல்லுற விளக்கம். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். ஊருக்குள்ள ரெண்டு சனமும் ஒண்டா இருந்து பழகின காலத்தின்ர அடையாளம் அது.

பிறகு கல்பொத்த, கல்லுப் புத்தகம். எட்டு மீற்றருக்கு மேல நீளம், 25 தொன் பாரம் எண்டு சொல்லுவினம், நூறு கிலோமீற்றருக்கு அங்கால மிகிந்தலையில இருந்து இழுத்துக்கொண்டந்தது எண்டு அதிலயே வெட்டியிருக்கு. நிசங்கமல்லன் தன்ர புகழைத் தானே எழுதிப்போட்ட கல்லு. கரையெல்லாம் அன்னம். தலைமாட்டுப் பக்கம் குனிஞ்சு பாருங்கோ, ரெண்டு யானை தண்ணி ஊத்த நடுவில லட்சுமி இருக்கிறா, எங்கட வீட்டுக் கலண்டர்ல இருக்கிற அதே கஜலட்சுமி. கனபேர் இதைப் பாக்காமலே கடந்து போயிடினம்.

இன்னொண்டு, அட்டதாகே எண்ட கட்டடத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்க் கல்வெட்டு நிக்குது. வேளைக்காரர் எண்ட தமிழ்ப் படையினர் புத்தற்ற புனிதப் பல்லு வைச்சிருந்த கோயிலைக் காப்பம் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தது. சிங்கள ராசாவின்ர ஊர், பௌத்தக் கோயில், காவல் தமிழ்ப்படை, எழுத்து தமிழ். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவை இந்தக் கல்லடியில ஒரு அஞ்சு நிமிசம் நிண்டு சொல்லிக் குடுங்கோ.

சிவன் கோயில் எங்க இருக்கு? டிறைவர்மாருக்குத் தெரியுதில்லையே.

ரெண்டு கோயில் பெரிசு. ஒண்டாவது சிவாலயம் அரண்மனைக்கும் தலதா மளுவவுக்கும் இடையில றோட்டுக்குக் கிட்டவே இருக்கு, பாண்டியர் பாணி, மேற்கூரை போச்சு, ஆனா கல்லுக்குக் கல்லு ஊசி போகாத மாதிரிப் பொருத்தின வேலை. வெண்கலச் சிலையள் எடுத்தது இந்தப் பக்கம்தான்.

மற்றதுதான் வானவன்மாதேவி ஈச்சரம், பலகையில இரண்டாவது சிவாலயம் எண்டு போட்டிருக்கும். பபளு விகாரைப் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போகோணும், டிறைவரிட்ட "பபளு விகாரைக்கு அங்கால" எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி நேர கல் விகாரைக்கு ஓடிடுவார். ராசராசன்ர அரசி, ராசேந்திரன்ர தாய், அவவின்ர பேரில கட்டினது. பொலன்னறுவையில முழுசா நிக்கிற கட்டடங்களில இதுதான் ஆகப் பழசு, அடியில இருந்து விமானம் வரைக்கும் எல்லாம் கல்லு, அதாலதான் இண்டைக்கும் நிக்குது. சுவரெல்லாம் தமிழ் எழுத்து.

வெயிலால கோயிலைப் பாக்காமத் திரும்பின அந்தப் பயணத்துக்கு அடுத்த வருசம் அம்மம்மாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனன், இந்தமுறை நேர இஞ்சதான் முதல் வந்தது, எட்டரை மணி, ஒரு சனமும் இல்லை. வீட்டில இருந்து கொண்டுவந்த செவ்வரத்தம் பூவை வாழையிலையால எடுத்து உள்ளுக்க லிங்கத்துக்கு வைச்சா. அங்க ஏற்கனவே ஆரோ வைச்ச பூவும் எரிஞ்சு முடிஞ்ச ஒரு சுட்டி விளக்கும் இருந்தது. பிறகு வெளியில வந்து சுவர் எழுத்துக்கு மேல விரலை வைச்சு, தொடாமக் காத்தில எழுதுற மாதிரி, ஒவ்வொண்டா எழுத்துக் கூட்டினா. பழைய எழுத்து, ஓடி வாசிக்க ஏலாது, ஆனா "ன", "ம", "த" மாதிரி சிலது பிடிபடும். "இது எங்கட எழுத்தடா" எண்டு சொன்னவ. இப்ப அவ இல்லை. நான் போகேக்கயெல்லாம் அந்தச் சுவரின்ர அந்த மூலைக்குப் போய்த்தான் வாறன்.

எழுத்தைத் தொட வேண்டாம், கற்பூரம் கொளுத்திக் கல்லைக் கரியாக்க வேண்டாம், பூ காணும்.

கல் விகாரை, லங்காதிலக இதுக்கெல்லாம் நேரம் வருமோ?

வரும், காலமை வெள்ளண வந்திருந்தா. ரன்கொத் விகாரைத் தூபியைச் சுத்தி வந்து, லங்காதிலகவின்ர உயரச் சுவருக்கிடையில தலையில்லாத புத்தரைப் பாத்து, கடைசியா கல் விகாரை. ஒரே பாறையில வெட்டின நாலு சிலை, படுத்திருக்கிறது 14 மீற்றர், நிக்கிறது கிட்டத்தட்ட 7. படுத்திருக்கிற சிலையின்ர தலையணையைப் பாருங்கோ, தலைப் பாரத்துக்கு அமிஞ்ச மாதிரி அந்தக் கல்லு உள்வாங்கியிருக்கும். கருங்கல்லைப் பஞ்சு மாதிரிக் காட்டினவன் எப்பிடிப்பட்ட கைகாரன். அதுக்கு அங்கால தாமரைக் குளம், எட்டு இதழ்த் தாமரை வடிவில படிப்படியா இறங்கிற சின்னத் தொட்டி, நேரமிருந்தாப் பாருங்கோ. திவங்கவில பழைய சுவரோவியம் இருக்கு.

என்ன உடுத்துறது? செருப்பு?

தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, வெள்ளை எண்டா நல்லம். வட்டதாகே, லங்காதிலக, கல் விகாரை எல்லாம் செருப்பும் தொப்பியும் கழட்டித்தான். பத்து மணிக்குப் பிறகு கல்லும் மணலும் கொதிக்கும், ஆளுக்கு ஒரு சோடி பழைய காலுறை கொண்டு போங்கோ, காலுறையோட ஏறலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்கக் கூடாது, பெரிய மரியாதைக் குறைவு, காவலாளியும் ஏசுவார். குரங்கு கனக்க, வானின்ர கண்ணாடியைப் பூட்டுங்கோ, சாப்பாட்டுப் பையைக் கையில தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கூட்டிக்கொண்டு போகலாமோ?

தாராளமா. அரண்மனைப் பக்கம் சம தரை, வானவன்மாதேவி ஈச்சரமும் நிலமட்டம்தான். குமார பொகுணவுக்கு மட்டும் படி இறங்கோணும், அதை மேல நிண்டு பாக்கலாம். தலதா மளுவவுக்குக் கொஞ்சம் ஏறோணும். ஒரு மடக்குக் கதிரையை வான்ல போடுங்கோ, நிழல் மரம் நிறைய இருக்கு.

மத்தியானச் சாப்பாடு?

நாங்கள் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போய் பராக்கிரம சமுத்திரம் எண்ட பெரிய குளத்தின்ர கட்டில மரத்துக்குக் கீழ இருந்து சாப்பிடுறம், குளக்காத்துக்கு அது தனி ருசி. கடையெண்டா பக்கத்து ரவுண் கதுருவெலதான், தமிழும் கதைப்பினம், சோறு கறி, கொத்து, பிரியாணி எல்லாம் கிடைக்கும். அந்தக் குளத்தின்ர கட்டு 14 கிலோமீற்றர் நீளம், மழைத்தண்ணி ஒரு துளியும் வீணாக் கடலுக்குப் போகக் கூடாது எண்டு சொன்ன ராசா கட்டின குளம், இண்டைக்கும் அந்தத் தண்ணியில வயல் விளையுது.

சாப்பிட்டிட்டு அந்தக் குளக்கரையிலயே றெஸ்ட்ஹவுஸ் பக்கம் நிசங்கமல்லன்ர அரண்மனைத் தொகுதி. மந்திரிசபை மண்டபத் தூணில எந்தத் தூணடியில ஆர் இருக்கிறது எண்டு வெட்டியிருக்கு, இளவரசருக்கு ஒரு இடம், தளபதிமாருக்கு, எழுத்தர்மாருக்கு, வணிகருக்கு. 1954 ல எலிசபெத் மகாராணி வந்து தங்கினதும் இந்த றெஸ்ட்ஹவுஸ்லதான். பிறகு கட்டால தெற்கு நோக்கிப் போனா பொத்குல் விகாரைப் பக்கம் பாறையில ஒரு ஆள் சிலை, பதினொரு அடி, கையில ஓலைச்சுவடி மாதிரி ஒண்டைப் பிடிச்சபடி. பராக்கிரமபாகு எண்டும் சொல்லுவினம், முனிவர் எண்டும் சொல்லுவினம். தாடியும் மீசையும் வயிறும் பாத்தா எனக்கு முனிவராத்தான் தெரியுது.

அதே நாள்ல சிகிரியாவும் போகலாமோ?

வேண்டாம். எல்லாரும் கேக்கிற கேள்வி இது, எல்லாருக்கும் என்ர மறுமொழி இதுதான். ஹபரணயில இருந்து சிகிரியா கிட்ட எண்டு மப்பில தெரியும், ஆனா ரெண்டையும் சேத்தா ரெண்டும் பாத்ததா இருக்காது, ஈச்சரத்தையும் ராசசபை யானையளையும்தான் முதல்ல வெட்டி விடுவியள். ஒரு நாள் ஒரு ஊர்.

திரும்பி வரேக்க கந்தளாயில நிக்கலாமோ?

நில்லுங்கோ, நேரமிருந்தா குளக்கட்டில. பொலன்னறுவையை ஆண்ட இரண்டாம் கஜபாகு கடைசிக் காலத்தில வந்து இருந்து செத்தது கந்தளாயிலதான். நிசங்கமல்லனும் இஞ்ச வந்து பார்வதி சத்திரம் எண்ட தானசாலையில தானம் குடுக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்த கல்லாசனத்தில எழுத்து வெட்டியிருக்கு. பிராமணர் குடியேறின சதுர்வேதிமங்கலம் இது. 1986 ஏப்ரல் 20 இந்தக் கட்டு உடைஞ்சது எங்கட வயசு ஆக்களுக்கு மறக்காது.

றோட்டுக் கரையில எருமைத் தயிர்ச் சட்டி வாங்கிறதெண்டா சட்டியைச் சரிச்சுப் பாத்து வாங்குங்கோ, தண்ணி பிரியாம நிண்டா நல்ல தயிர். வான்ல சீற்றுக்குக் கீழ துணி சுத்தி நிமித்தி வையுங்கோ. பொலன்னறுவையில இருந்து நாலு மணிக்கு வெளிக்கிட்டா யானைக் காட்டை வெளிச்சத்தோட தாண்டிடலாம், ஏழரைக்கு வீடு.